சுடுகல்லில் நடந்த சம்பந்தியம்மா

"அக்கா, எங்க அத்தைக்கு உடம்புக்கு இன்னா?"

போன வாரம் என் கைபேசிக்கு வந்த கேள்வி இது. அனுப்பியவர் தினேஷ். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர். அவரை ஒரே ஒரு முறை, அவருடைய கல்யாணத்தில்தான் பார்த்திருக்கிறேன். அத்தை என்று அவர் சொல்வது மாமியாரை. கேள்விக்கு விடை எனக்குத் தெரியும். ஆனாலும் பதில் எழுத முடியவில்லை. எழுதுகிறேன், அழிக்கிறேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் வைகாசியில் நான் போய்வந்த பயணத்தைச் சொல்லியாக வேண்டும். பெயர்களையும் சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலோடு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, பிள்ளை பிழைத்தால் ஒரு வாரம் எங்காவது ஊழியம் செய்கிறேன் என்று பொருத்தனை பண்ணினேன். பிள்ளை பிழைத்தாள். நான் தள்ளிப்போட்டேன். பல் முளைக்கட்டும், நடக்கட்டும், பால் மறக்கட்டும் என்று காரணங்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன. அவளுக்குக் காய்ச்சலில் மேல் சுடும்போதெல்லாம், சொன்ன வார்த்தையைக் காப்பாற்றாததால்தானோ என்று பயம். தூத்துக்குடியில் எங்கள் சபையிலிருந்து ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவில் உள்ள ஒரு மிஷனுக்கு வருடாவருடம் உதவிக்கு ஆள் போவார்கள். இந்த முறை நானே பெயர் கொடுத்தேன். இரண்டு வயதுப் பிள்ளையை என் அம்மாவிடம் விட்டுக் கிளம்பியபோது, நான் போவது பக்தியாலா பயத்தாலா என்று தெரியவில்லை. இப்போதும் தெரியாது.

ஆம்பூரில் இறங்கியதும் வாடைதான் வரவேற்றது. சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்த வாடை. எங்கள் ஊர்க் கருவாட்டு வாடைக்கு முகம் சுளிக்கும் வெளியூர்க்காரர்களைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். இங்கே நானே துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினேன். பக்கத்தில் நின்ற பூக்காரம்மா பார்த்தார். வெட்கமாகிவிட்டது. எடுத்துவிட்டேன்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே பிரியாணி சாப்பிட்டேன். கூடவே புளிப்பாகக் கத்தரிக்காய் வைத்தார்கள். எங்கள் ஊரில் பிரியாணிக்குக் கத்தரிக்காய் வைத்தால் சண்டைக்கு வருவார்கள். இங்கே இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். வாங்கும்போதே, பிள்ளை இந்நேரம் சாப்பிட்டிருப்பாளா என்று கைபேசியில் மணி பார்த்தேன்.

அடுத்தது பேருந்துக் குழப்பம். சாலையோரம் நின்ற ஒரு பேருந்தில் பெண்கள் திமுதிமுவென்று ஏறினார்கள். நானும் ஏறிவிட்டேன். நடத்துநரைத் தேடினேன்.

"இன்னாம்மா, புதுசா? எந்த லைனு, ஸ்டிச்சிங்கா பேக்கிங்கா?" என்று கேட்டார் பக்கத்து இருக்கைக்காரர்.

"டவுன் பஸ் இல்லையாக்கா இது?"

பேருந்தே சிரித்தது. "இது கம்பெனி பஸ்ஸு, ஷிப்டு முடிஞ்சி வூட்டுக்குப் போவுது. இதுல டிக்கெட்டு கெடையாது. காலைல ஏறுனியின்னா ஓ.டி. பாத்துட்டுதான் எறங்கணும்."

எங்கே போக வேண்டும் என்று கேட்டார்கள். மிஷன் பெயரைச் சொன்னேன். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. இருக்கைக்காரர் என் கைவிரல்களை ஒரு முறை பார்த்துக்கொண்டார். சன்னலோரம் இருந்த ஒரு பெண், "எங்க ஸ்டாப்புதான். நான் காட்றேன்" என்றாள்.

"ஆமா, ரேவதியோட அம்மா அங்கதான பெருக்குது" என்றார் இன்னொருவர். "ஏன்டி கல்யாணப் பொண்ணே, இனிமேயாச்சும் அந்த வேலய நிறுத்தச் சொல்லு. வியாதிக்காரங்க நடுவுல. மாப்ள வூட்டு ஜோலார்பேட்டக்காரங்க காதுல வுழுந்தா பேஜாராயிடும்."

சன்னலோரத்துப் பெண்தான் அந்த ரேவதி. இறங்கியதும் வேப்பமரங்கள் தெரிந்த வாசலைக் கைகாட்டிவிட்டு எதிர்ப்பக்கம் நடந்தாள். ஒரு முறையும் திரும்பவில்லை.

அந்த மிஷன் பழைய தொழுநோய் இல்லம். இப்போது புதிதாக வருகிறவர்கள் குறைவு. எப்போதோ மருந்து சாப்பிட்டு நோய் தீர்ந்தவர்கள்தான் வருகிறார்கள். நோய் போய்விட்டது, அது செத்துப்போக வைத்த நரம்புகள் திரும்பவில்லை. அதனால் கால் மரத்துப்போயிருக்கும். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களும் வருகிறார்கள். காலையில் தொட்டித் தண்ணீரில் காலை ஊறவைத்து, காய்ந்த தோலைத் தேய்த்தெடுத்து, எண்ணெய் தடவி, பாதத்துக்கு அடியில் கண்ணாடி பிடித்துப் பார்க்க வேண்டும். முள், கீறல், கொப்புளம் ஏதாவது இருக்கிறதா என்று. எனக்குக் கொடுத்த வேலை எண்ணெயும் கண்ணாடியும்.

"நமக்கு வலி வந்து சொல்லும்மா" என்றார் நர்ஸ் சாந்தாக்கா. "இவங்களுக்குக் கண்ணுதான் சொல்லணும்."

முதல் நாளே தவறு செய்தேன். தேநீர் கொதிக்கக் கொதிக்க எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி ஓர் அம்மாவிடம் நீட்டினேன். அவர் சிரித்தபடி வாங்கி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, "எந்த ஊரு கண்ணு நீ?" என்று கேட்டார். விரல்கள் உள்பக்கமாக மடங்கி இருந்தன. சுற்றிப் பார்த்தேன். மற்ற எல்லோரும் டம்ளரைத் துண்டில் சுற்றிப் பிடித்திருந்தார்கள். சாந்தாக்கா ஓடிவந்து பிடுங்கினார். உள்ளங்கை சிவந்திருந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்து, "அழுவாத. எனக்குத்தான் ஒண்ணும் இல்லியே" என்றார்.

அவர்தான் கன்னியம்மா. ரேவதியின் அம்மா.

அவர் அங்கே பெருக்கியதும் உண்மைதான். காலில் எண்ணெய் போட்ட பிறகு பெருக்குவார். வேலைக்குப் போகிறேன் என்று ஊரில் சொல்லிக்கொள்ள அது போதும். கைவிரல்களைப் பற்றிக் கேட்டால், தோல் ஷாப்பில் மிஷினில் மாட்டிக்கொண்டது என்பார். தோல் ஷாப் என்றால் தோல் பதனிடும் தொழிற்சாலை. இந்தப் பக்கத்தில் அப்படிக் கை போனவர்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். மேற்கொண்டு யாரும் கேட்க மாட்டார்கள். ரேவதி பிறப்பதற்கு முன்பே நோய் தீர்ந்தது. கணவர் இறந்துவிட்டார். மிஷனுக்கு வெளியே அம்மாவையும் மகளையும் தவிர யாருக்கும் தெரியாது.

சிக்கல் செருப்பில் இருந்தது. மிஷன் பட்டறையில் மெத்தென்ற கருப்பு ரப்பரில், அகலமான வார் வைத்துத் தைக்கும் செருப்பு. பத்தடி தூரத்திலிருந்தே இன்னது என்று தெரியும். அதைப் போட்டுக்கொண்டு வாசல் தாண்ட மாட்டார். வேலி ஓரம் ஒரு பையில் போட்டுவிட்டு வெறுங்காலில் வீட்டுக்குப் போவார். சாந்தாக்கா கத்திக் கத்திச் சலித்துவிட்டார்.

"எம் பொண்ணு நாள் பூரா ஷூ தைக்குது" என்று கன்னியம்மா என்னிடம் சொல்லிச் சிரித்தார். "அதெல்லாம் கப்பல்ல போவுது. எனக்கு இந்த எருமத்தோலு மாரி ரப்பரு."

நான் ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த மக்ரூன் இனிப்பை அவருக்குக் கொடுத்தேன். மடங்கிய இரண்டு விரல்களுக்கு நடுவே செருகி, பீடி பிடிப்பதுபோலப் பிடித்து, உறிஞ்சுவதுபோல நடித்துக் காட்டினார். அறையே சிரித்தது. மாலையில் வீட்டுக்குப் பேசினேன். மகள் தொலைபேசிக்கு வர மறுத்தாள். "உம்மேல கோவமா இருக்கா" என்றார் அம்மா. கன்னியம்மா பக்கத்தில் இருந்தார். "கோவப்படட்டும். நம்மள நெனச்சாத்தான கோவம்" என்றார்.

ரேவதிக்கும் தினேஷுக்கும் கல்யாணம், நான் ஊர் திரும்புவதற்கு முந்தின நாள். ஒரு சின்னக் குன்றின் மேல் இருக்கும் முருகன் கோவிலில். மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்தில் வைக்கலாம் என்றுதான் சொன்னார்களாம். கன்னியம்மாதான் வேண்டுதல் என்று சொல்லிக் கோவிலைக் கேட்டிருக்கிறார். காரணத்தை என்னிடம் சொன்னார்.

"மண்டபம்னா செருப்பு போட்டுக்கினு நிக்கணும். கோயில்ல எல்லார் காலும் ஒண்ணுதான கண்ணு."

சாந்தாக்காவுக்கு மனசே இல்லை. வெயில் ஏறுவதற்குள் முகூர்த்தம் என்பதால் ஒத்துக்கொண்டார். மிஷன் நர்ஸ் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் கல்யாணத்துக்கு அவர் போக முடியாது. என்னைக் கூப்பிட்டு ஒரு ஜோடி கனத்த பருத்தி சாக்ஸ் கொடுத்தார். "நீ ரேவதியோட சிநேகிதின்னு போ. வெயில் வந்துட்டா இத மாட்டி விட்டுடு. சர்க்கரைன்னு சொல்லிக்கோ. அவ கால நீதான் பாக்கணும்."

சிநேகிதி என்பது பொய். பொய் சொல்லி ஊழியமா என்று ஒரு பக்கம் மனம் கேட்டது. போகாவிட்டால் அவர் காலை யார் பார்ப்பது என்று இன்னொரு பக்கம். சாக்ஸைக் கைப்பையில் வைத்தேன்.

ஜோலார்பேட்டையிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டு வேன் வாணியம்பாடி தாண்டி டயர் வெடித்து நின்றுவிட்டது. முகூர்த்தம் தவறியது. வேறு இரண்டு கல்யாணங்கள் உள்ளே போயின. குருக்கள் அடுத்த முகூர்த்தம் பார்த்துச் சொன்னார். நாங்கள் நிழலில் உட்கார்ந்து ரோஸ்மில்க் குடித்தோம். கன்னியம்மா வாடாமல்லி நிறத்தில் பட்டுப்புடவை கட்டி, முந்தானையைக் கைகளுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். வந்தவர்களெல்லாம் வந்து பேசினார்கள். அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. வெளிப்பிராகாரத்துக் கருங்கல் வெளுத்துக்கொண்டே போனதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாலி கட்டி முடிந்தது. மணமக்கள் பிராகாரம் சுற்ற வேண்டும். சூடு தாக்காமல் இருக்க ஒருவர் மட்டும் நடக்கும் அகலத்துக்கு வெள்ளை வர்ணம் அடித்திருந்தார்கள். முறைப்படி மணமக்களும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களும் அதில் முன்னே போனார்கள். பெண்ணின் அம்மா தேங்காய் பழத் தட்டோடு கூடவே வர வேண்டும். கன்னியம்மா சம்பந்திக்கு வழிவிட்டு வெள்ளையிலிருந்து கல்லில் இறங்கினார்.

பின்னால் வந்தவர்கள் கல்லில் கால் வைத்ததும் குதிக்க ஆரம்பித்தார்கள். பெரியவர், சிறியவர், எல்லோரும். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. நானும் இறங்கினேன். இரண்டு எட்டு வைப்பதற்குள் உயிர் போனது. கன்னியம்மா மட்டும் நடந்தார். தட்டை இரண்டு மணிக்கட்டுகளின் மேல் நிறுத்தி, அதையே பார்த்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக.

"பாத்தியா நம்ம சம்பந்தியம்மாவ" என்றார் மாப்பிள்ளையின் அம்மா, பெருமையாகத்தான். "நம்மாளுங்கல்லாம் தையா தக்கான்னு குதிக்கிறாங்க. அது இன்னா நிதானமா வருது."

"தோல் ஷாப்பு காலாச்சே" என்றார் ஒரு மாமா. "கால்லயே தோலு பதம் பண்ணிக்கீறாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கன்னியம்மாவும் சிரித்தார். முன்னே போன ரேவதி ஒரு முறை திரும்பினாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். பிறகு முன்னால் பார்த்துக்கொண்டாள்.

என் கை பைக்குள் சாக்ஸைப் பிடித்திருந்தது. எடுத்தால் சர்க்கரை என்று சொல்லலாம். ஆனால் கையை மட்டும் பார்த்தால் மிஷின் என்று நம்புவார்கள், காலை மட்டும் பார்த்தால் சர்க்கரை என்று நம்புவார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எடுக்கலாமா, கூடாதா? ஒரு மூலை திரும்பினோம். எடுக்கலாமா? இன்னொரு மூலை. கன்னியம்மா என் பக்கம் பார்த்தார். வேண்டாம் என்று தலையை அசைத்தாரா, வியர்வைக்கு முகத்தைத் திருப்பினாரா என்று இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியாது. அதற்குள் நிழல் வந்துவிட்டது.

பந்தியில் அவர் எல்லோரையும் உபசரித்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நாங்கள் இருவர் மட்டும் ஆட்டோவில் மிஷனுக்குத் திரும்பும்போதுதான் காலைத் தூக்கிப் பார்க்க விட்டார். இரண்டு பாதங்களும் வெந்து, தோல் வெள்ளையாகப் பொங்கி, வலது காலில் உரிந்து தொங்கியது.

"சுடுதுன்னு தெரியலையாம்மா உங்களுக்கு?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கோபமாகக் கேட்டது.

"தெரியாம இன்னா? எல்லாரும் குதிக்கிறாங்களே" என்றார். "நானும் குதிக்கலாம்னுதான் பாத்தேன். தட்டு மணிக்கட்டு மேல நிக்குது. குதிச்சா வுழுந்துடும். கல்யாணத் தட்டு வுழுந்தா பொண்ணதான் சொல்லுவாங்க." புடவையைக் காலுக்கு மேல் இழுத்துவிட்டு, "சாம்பார்ல உப்பு ஜாஸ்தியா?" என்று கேட்டார்.

சாந்தாக்கா திட்டவில்லை. உட்கார்ந்து இரண்டு கால்களையும் கழுவிக் கட்டுப்போட்டார். முடித்த பிறகு என்னைப் பார்த்தார். நான் சாக்ஸை எடுத்து மேசைமேல் வைத்தேன். மடிப்புக் கலையாமல் இருந்தது. அவர் அதை இழுப்பறையில் போட்டு மூடினார்.

மறுநாள் ஊர் திரும்பினேன். மகள் முதலில் கிட்டேயே வரவில்லை. பிறகு மடியைவிட்டு இறங்கவில்லை. குளிப்பாட்டும்போது வெந்நீர் கொஞ்சம் கூடிவிட்டது. "ச்சூடு, ச்சூடு" என்று வீறிட்டு அழுதாள். அம்மா என்னைத் திட்டினார். அந்த அழுகை எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

இது நடந்து மாதம் ஒன்றுக்கு மேல் ஆகிறது. கன்னியம்மாவின் இடது கால் ஆறிவிட்டது. வலது காலில் புண் எலும்புக்குப் போய் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பாதி பாதத்தையும் எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார் டாக்டர். மிஷனில்தான் இருக்கிறார். காவேரிப்பாக்கத்தில் தன் தங்கச்சி வீட்டுக்குப் போயிருப்பதாகச் சம்பந்தி வீட்டாரிடம் சொல்லியிருக்கிறார்கள். ரேவதி வேலை முடிந்து ஓடிவந்து பார்த்துவிட்டு ஓடுகிறாள்.

இப்போது ஆடி வருகிறது. பெண்ணின் அம்மா சீரோடு வந்து மகளை அழைத்துப்போக வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு எட்டியும் பார்க்கவில்லையே என்று மாப்பிள்ளை வீட்டில் பேச்சு எழுந்துவிட்டது. கல்யாணப் படங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் குழுவிலிருந்து, ரேவதியின் சிநேகிதி என்று நினைத்து, தினேஷ் என் எண்ணை எடுத்திருக்கிறார்.

ரேவதியிடம் கேட்டேன். "வேணாக்கா. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அவங்க வூட்ல அப்புறம் நான் மொண்டு குடுக்குற தண்ணிய யாரும் குடிக்க மாட்டாங்க" என்றாள்.

கன்னியம்மாவோ, "அதுக்கு ஒரு கொழந்த பொறக்கட்டும் கண்ணு, அப்புறம் சொல்லிக்கலாம்" என்கிறார். சாந்தாக்கா சொன்னது இது: "சொல்றதும் சொல்லாததும் அவங்க இஷ்டம்மா. ஆனா பாதத்த எடுத்துட்டா, வீட்ல கூட இருந்து பாக்க ஆள் வேணும். பொண்ணு எத்தன நாள் ஒளிஞ்சு ஒளிஞ்சு வரும்?"

அம்மா, மகள் இருவரிடமும் வாய் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு, நேற்று தினேஷிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. அப்படியே தருகிறேன்.

"அக்கா, நீங்க என் மெசேஜ பாத்துட்டீங்கன்னு தெரியுது. பரவால்ல. கல்யாணத்தன்னிக்கு கல்லுல எல்லாரும் குதிச்சாங்க. அத்தை மட்டும் நடந்தாங்க. நான் ஒரு தடவ திரும்பிப் பாத்தேன், எனக்கு அது மறக்கவே இல்ல. ரேவதிய கேட்டா அழுவுது. அத்தைய எங்க வூட்டுக்குக் கூட்டிக்கினு வந்துடலாம்னு இருக்கேன். உடம்புக்கு இன்னான்னு தெரிஞ்சா அம்மாகிட்ட எப்படிப் பேசறதுன்னு பாப்பேன்."

அவருக்குத் தெரிந்துவிட்டதா, தெரியாமல் கேட்கிறாரா? தெரிந்தே கேட்கிறார் என்றால் நான் காக்கும் மௌனம் யாருக்காக? தெரியாது என்றால், என் ஒரு வரியில் ரேவதியின் வாழ்க்கை இருக்கிறது. கோவிலில் நின்ற மாதிரியே கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு மறுபடியும் நிற்கிறேன்.

இதைப் படிப்பவர்களில் இந்த நோய் வந்துபோன வீட்டில் பெண் எடுத்தவர்கள், கொடுத்தவர்கள் இருப்பீர்கள். சொன்னதால் கெட்டதும் சொல்லாததால் கெட்டதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த முறை நிழல் வருவதற்குள் நான் ஏதாவது செய்ய வேண்டும். ஆடி பிறப்பதற்கு முன் எழுதுங்கள். தினேஷுக்கு நான் என்ன பதில் அனுப்பட்டும்?